இழுபட்டுக் கிடந்த ஊசி

சுதர்சினி எனக்குப் படம் அனுப்பிய நேரம் நான் பரந்தன் சந்தியில் கிளிநொச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரையில் இருக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவள். படத்துக்குக் கீழே ஒரே வரி: “சேர், பாத்திட்டு எனக்கு ஏசாதேங்கோ. நான் பிரசவ லீவில நிண்டனான்.”

படத்தில் ஒரு விமானம், கடையிலிருந்து இறக்கிய புதுச் சைக்கிள் மாதிரிப் பளபளத்தது. பச்சையும் மண்ணிறமும் கலந்த மினுங்கல் பெயின்ற். இறக்கைச் செட்டையில் நீலம், வெள்ளை, நடுவில் இரத்தச் சிவப்பாக ஒரு வட்டம். ஓட்டியின் ஆசனத்தில் துணிக்கடைப் பொம்மை ஒன்று. தலையில் தோல்தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, நெஞ்சுக்குக் குறுக்கே புதுப் பட்டி. முன்னால் நாடா வெட்டுகிற பெரியவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை.

அந்த விமானத்தில் நான் ஆறு வருடம் வேலை செய்தவன். அந்த வட்டத்தின் நடுவில் சிவப்பு இருக்கக்கூடாது. அந்தப் பட்டி பூட்டப்பட்டிருக்கக் கூடாது. அந்த ஆசனத்தில் யாரும் இருக்கக்கூடாது. இதெல்லாம் ஒரு கிழவனின் பிடிவாதம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சாட்சி இருந்தது. அந்தச் சாட்சிகளைத்தான் அரத்தாளால் தேய்த்து, கிறைண்டரால் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் சுதர்சினிக்குக் கோல் எடுத்தேன். ஏச வேண்டும் என்றுதான் எடுத்தேன். அவள் அழுதாள். பிறகு சொன்னாள்: “எழுதுங்கோ சேர். நீங்கள் எழுதாட்டி, இந்தப் படத்தில இருக்கிறதுதான் உண்மையெண்டு நிக்கும்.”

அதனால்தான், ஒரு வருடத்துக்கு மேல் பிந்தி என்றாலும், எழுதுகிறேன்.

என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது. அவருடைய சைக்கிள் எதுவும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. கம்பிகள் பொருக்குத் தட்டி, கைபிடி கறள் பிடித்து, ஒருநாள் நடுறோட்டில் முறியும். உப்பு உலோகத்தை எப்படித் தின்னும் என்பதை அந்தச் சைக்கிள்களில்தான் நான் முதலில் படித்தேன். பிறகு தொழில்நுட்பக் கல்லூரி. கொழும்பில் அரசாங்க நிறுவனம் ஒன்றின் உலோகப் பாதுகாப்புப் பகுதியில் உதவியாளர் வேலை. இடையில் இங்கிலாந்தில், பழைய போர் விமானங்களைப் பராமரிக்கும் ஒரு கொட்டகையில் பதினொரு மாதப் பயிற்சி. படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மிஸ் அபேசேகர படிப்பித்தது.

மிஸ் எங்கள் பகுதித் தலைவர். மெலிந்த உருவம், எப்போதும் வெள்ளைச் சேலை, குரல் உயர்த்தவே மாட்டா. எங்களோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பா. ஒரு சாமான் புதிதாக வந்தால் முதல் நாள் யாரும் தொடக்கூடாது. அதன் முன்னால் கதிரையைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்டதை மட்டும் எழுத வேண்டும். ‘கறள்’ என்று எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பித் தருவா. “என்ன நிறம்? எந்தப் பக்கம் கூட? நகத்தால் சுரண்டினால் தூளாக வருமா, தகடாக வருமா?” மத்தியானம் திரும்பவும் எழுதிக்கொண்டு போனால், “பின்பக்கம் பார்த்தீரா?” என்று கேட்பா. பின்பக்கம் யார் பார்த்தது! பின்னேரம் திரும்பவும் கதிரை.

ஒருமுறை விமானக் கருவிப் பலகையின் அலுமினியத் தகடு ஒன்று வந்தது. அழுக்கேறி மங்கலாக இருந்தது. மிஸ் கண்டிக்குப் போயிருந்த நாள். அவா வர முதல் கெட்டித்தனம் காட்டுவோம் என்று நினைத்து, மினுக்கும் பசை போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைத்தேன். மிஸ் வந்தா, தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா, பழைய படத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தா. தகட்டின் மூலையில், மை முத்திரை ஒன்று படத்தில் மெல்லியதாகத் தெரிந்தது. தொழிற்சாலையில் அதைச் சரிபார்த்த ஆளின் இலக்கம்.

“இந்த ஆள் இந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, சரி என்று சொன்னதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி இது. மிஸ்டர் தில்லைநாதன், நீர் அந்த ஆளை இல்லாமலாக்கிப் போட்டீர்.”

அறிக்கையில் ‘முத்திரை அழிந்தது; அழித்தவர் தில்லைநாதன்’ என்று என் கையாலேயே எழுதுவித்தா. அந்தத் தாள் இன்னும் அந்த அறிக்கைக் கோவையில் கட்டுப்பட்டு இருக்கும். நாற்பது வயதில், பெரிய உத்தியோகத்தர் ஆன பிறகும், அந்த வரியை நினைத்தால் காது சுடும். இப்போது புரிகிறதா எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று? தவறு செய்தவன் தன் பெயரைப் போட்டு எழுத வேண்டும் என்ற இடத்தில் வளர்ந்தவன் நான். இன்று தவறு செய்தவர்கள் நாடா வெட்டுகிறார்கள்.

யுத்த காலத்தில் நான் கொழும்பில். அக்கா குடும்பம் பரந்தனில். ஒரு கிழமை, நான் ஒரு பழைய பயிற்சி விமானத்தின் வாலைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் செய்தி வந்தது. அக்கா வீட்டில் விமானக் குண்டு விழுந்து அத்தான் செத்துப்போனார். பாதை பூட்டு. செத்தவீட்டுக்குப் போக வழியில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அந்த வாலின் முன்னால் நின்றேன், கை எடுபடவில்லை. பின்னேரம் மிஸ் என் மேசையில் ஒரு பழைய மரமுகமூடியை வைத்துவிட்டுப் போனா. அதற்குப் பிறகு எட்டு மாதம், மரச் சாமானைத் தவிர வேறெதையும் எனக்குத் தரவில்லை. ஒன்பதாம் மாதம் நானே போய், “மிஸ், அந்த வாலை முடிக்கட்டோ?” என்று கேட்டேன். தலையாட்டினா.

இனி அந்த விமானத்தின் கதைக்கு வருகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், செட்டிகுளத்துக்கு உள்ளே ஒரு சிறிய குளத்தின் கட்டைத் திருத்தினார்கள். குளத்தை வற்றவிட்டு, பெக்கோ இயந்திரத்தால் சேறு அள்ளும்போது, வாளியில் உலோகம் தட்டியது. வெடிகுண்டு என்று பயந்து எல்லாரும் ஓடினார்கள். வெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்தார்கள். குண்டு இல்லை, விமானம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹரிக்கேன், ஒற்றை எஞ்சின், ஒரு ஆள் ஓட்டுகிற சண்டை விமானம். அந்தக் காலத்தில் வவுனியாப் பக்கம் பிரித்தானியருக்கு ஓடுபாதை இருந்தது. அங்கிருந்து ஏறிய ஒன்று இந்தக் குளத்தில் விழுந்து சேற்றுக்குள் தாழ்ந்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்த நேரம் ஒப்பந்தக்காரர் சங்கிலி கட்டி இழுக்கத் தயாராக நின்றார். “ஒரு இழுவையில வந்திடும் சேர்” என்றார். வரும்தான். மூக்கு ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாக வரும். எழுபது வருடமாக அதைக் காப்பாற்றியது அந்தச் சேறு. காற்றுப் போகாத கறுப்புச் சேற்றுக்குள் கித்தானும் மரமும்கூட நிற்கும். வெயில் பட்டு ஒரே நாளில் காய்ந்தால் எல்லாம் வெடித்துச் சுருண்டுவிடும். அன்று முழுக்க அவரோடு சண்டை பிடித்து, மூன்று கிழமை தவணை வாங்கினேன். ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்களை நாட்கூலிக்கு எடுத்தோம். ஈரச் சாக்குகளால் விமானத்தைப் போர்த்து, சேற்றை வாளி வாளியாக எடுத்து, மா அரிக்கிறதைப் போல அரிதட்டில் தண்ணீர் ஊற்றி அரிப்பதுதான் வேலை.

அவர்களில் ஒருவர் தவமலர். முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்றைச் சேர்ந்தவா. போர் முடிவில் அடைபட்டிருந்த அகதி முகாமில் இருந்து வெளியே வந்தபோது ஊருக்குத் திரும்பாமல் செட்டிகுளத்திலேயே ஒரு துண்டுக் காணியில் தங்கிவிட்டா. போர் முடிந்த கிழமையில் அவாவின் கணவரை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு தகவல் இல்லை; அவரைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினவா.

முதல் நாளே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டா: “சேர், எங்களுக்குக் குண்டு போட்ட சாமானையோ இப்பிடிச் சாக்குப் போத்து வைச்சிருக்கிறியள்?”

“இது அந்தப் பிளேன் இல்லை, தவமலர். இது வேற சண்டை. வெள்ளைக்காரன்ர காலம்.”

“பிளேன் பிளேன்தான்.”

அத்தானைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவா அரிதட்டை எடுத்துக்கொண்டு போனா. மற்றவர்களைவிட மெதுவாக, ஆனால் ஒரு கல்லையும் விடாமல் அரித்தா. மத்தியானம் மெல்லமாக வந்து கேட்டா: “உள்ளுக்க ஆள் இருக்குமோ?”

இருக்கக்கூடும் என்று சொன்னேன். ஏதாவது வெள்ளையாக, எலும்பு மாதிரிப் பட்டால் கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். அவா ஓம் என்றா. பிறகு மூன்று கிழமையும் ஓட்டியின் ஆசனப் பக்கத்துச் சேற்றை வேறு ஒருவரையும் தொட விடவில்லை.

பதினேழாம் நாள் என்று நினைக்கிறேன். “சேர், ஓடி வாங்கோ” என்று சத்தம். நான் ஓடினேன். ஆசனத்தில் எலும்பு இல்லை. கித்தான் பட்டிகள் நாலு, கறுத்து, ஆனால் முழுசாகக் கிடந்தன. இரண்டு தோள் பட்டி, இரண்டு இடுப்புப் பட்டி. இந்த நாலையும் நெஞ்சுக்கு முன்னால் ஒரு முளையில் கோர்த்து, முளைக்குக் குறுக்கே ஒரு சிறிய ஊசி போடுவார்கள். ஊசியை இழுத்தால் நாலும் ஒரே நேரத்தில் கழரும். அந்த ஊசி, தோல் வாரில் தொங்கியபடி, இழுபட்டுக் கிடந்தது. பட்டிகள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. சேறு அவற்றை அப்படியே பிடித்துக் கறள் கட்டி வைத்திருந்தது.

நான் அதை விளங்கப்படுத்தினேன். தவமலர் சேற்றுக்குள் முழங்காலில் இருந்தபடியே கனநேரம் பார்த்தா.

“அப்ப, ஆள் கழட்டிப்போட்டு வெளிய போயிட்டான்.”

“அப்பிடித்தான் தெரியுது. அல்லது இடிபட முதல் பரசூட்டில குதிச்சிருப்பான்.”

“தப்பிட்டானோ?”

“அது தெரியாது. ஆனா இந்த இடத்தில சாகேல்லை.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. சேறு இன்னும் கூடப் பூசுப்பட்டது. “நல்லது” என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து ‘பிளேன் பிளேன்தான்’ என்ற கதை அவா வாயில் வரவில்லை.

அந்த ஊசிதான் இந்த முழு விமானத்திலும் பெரிய சாட்சி. ஒரு பொடியன் உயிரோடு எழுந்து போனதற்கு வேறு எந்தத் தாளும் எங்களிடம் இல்லை. நான் ஓய்வுபெறும்போது விமானத்தின் கோவையில் சிவப்பு மையால் எழுதினேன்: பட்டி எந்தக் காரணத்தாலும் பூட்டப்படக்கூடாது, ஊசி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

விமானத்தின் ஒரு செட்டை குறையாக இருந்தது. எஞ்சினும் நடுக்கூடும் கிடைத்தன, இடப்பக்கச் செட்டையின் மேல்தகடு இல்லை. விசாரித்துப் போனபோது அகப்பட்டவர் நசார் நானா. வவுனியாப் பக்கத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். யுத்தத்தில் வடக்கு முஸ்லிம் சனங்களோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, காணியைத் தேடித் திரும்பி வந்தவர்.

“தகடோ? அது எங்கட வாப்பா அந்தக் காலத்தில குளம் வத்தினபோது எடுத்துவந்து கிணத்துக்கு மூடி போட்டவர். நாங்க போகக்குள்ள கிணத்தை மூடிப்போட்டுத்தான் போனது. வந்து பாத்தா வீடில்லை, கூரையில்லை. மூடி மட்டும் கிடக்கு.”

பற்றைக்குள் போய்ப் பார்த்தோம். கதவளவு தகடு. தூக்கித் திருப்பினோம். வெயில் படாமல், கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில், பெயின்ற் அப்படியே இருந்தது. வட்டத்தின் பாதிக்குக் கொஞ்சம் கூட.

இரும்புக்காரரிடம் சாமான் வாங்கப்போனால் விலை சொல்லுவார் என்று நான் ஆயத்தமாகத்தான் போனேன். நசார் நானா தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கொண்டுபோங்கோ சேர். எங்கட வீட்டில தப்பினது இது ஒண்டுதான். எங்கயாவது பத்திரமா இருக்கட்டும்” என்றார். பத்திரமாக இருக்கும் என்று நான் அந்த மனிசனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

வவுனியாவில் எங்களுக்கு ஒரு பழைய நெற்களஞ்சியம் கிடைத்தது. அங்கே ஆறு வருடம். வன்னித் தண்ணீரில் உப்பு உண்டு, அதால் கழுவினால் கழுவாமலே விடலாம். கூரையில் பீலி அடித்து மாரி மழையைத் தாங்கியில் பிடித்தோம். உலோகத் துண்டுகளை அந்தத் தண்ணீரில் ஊறவைத்து, கிழமைக்கு ஒருமுறை மாற்றினோம். மாற்றும்போது ஒரு குவளை எடுத்து இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்ப்பேன். பால் மாதிரிக் கலங்கினால் உப்பு இன்னும் வருகிறது. கலங்காமல் தெளிவாக நின்றால்தான் வெளியே எடுக்கலாம். எஞ்சின் கூடு தெளிய இரண்டு மாரி எடுத்தது. தவமலரை நிரந்தரமாக வேலைக்கு எடுக்க முடியவில்லை, ஆனாலும் நாட்கூலியாக ஆறு வருடமும் என்னோடு வைத்திருந்தேன். அந்தத் துளியை விடுவது கடைசியில் அவாவின் வேலையாகிவிட்டது. “இண்டைக்கும் பால்தான் சேர்” என்பா.

பெயின்ற் தகட்டை மட்டும் தண்ணீரில் போடவில்லை. ஈர்க்கில் பஞ்சு சுற்றி, பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரில் தோய்த்து, தீப்பெட்டி அளவு இடத்தை ஒரு நாளைக்கு என்று துடைத்தோம். கிளம்பிய இடங்களில் மெல்லிய தாளை வைத்துப் பசைக்கரைசல் பூசினோம். நாலாம் மாதம் வட்டத்தின் நடு வெளித்தது. அடியில் சிவப்பு, அதன்மேல் வெளிறிய நிறம். அந்தக் காலத்தில், யப்பான்காரரின் விமானத்திலும் சிவப்பு வட்டம் இருந்தபடியால், தூரத்தில் பார்த்துத் தன் ஆளே தன் ஆளைச் சுட்டுவிடக்கூடாது என்று சிவப்பை மூடச் சொல்லி உத்தரவு போனது. தொழிற்சாலையில் அல்ல, விமானம் நின்ற இடத்திலேயே, அகப்பட்ட தூரிகையால் அவசரமாக மூடியிருக்கிறார்கள். தூரிகை மயிர் ஒன்று பெயின்றுக்குள் ஒட்டிக் கிடந்தது. விளிம்பில், ஈரப் பெயின்றில் பட்ட ஒரு விரல் அடையாளம்.

தவமலர்தான் முதலில் கண்டா. “இது ஒரு ஆளின்ர பெருவிரலெல்லோ!”

வெள்ளைக்காரச் சிப்பாயோ, கூலிக்குப் போன எங்கள் ஊர்க்காரனோ, யார் கண்டது. அந்த ஓடுபாதைகளில் வேலை செய்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கும் இல்லை. ஒரு விரல் இருந்தது. நான் அதை அளந்து, படம் எடுத்து, கோவையில் ஏழு பக்கம் எழுதி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஓய்வு. சாவியையும் கோவையையும் சுதர்சினியின் கையில் கொடுத்தேன்.

சுதர்சினி அனுப்பிய படத்தைப் பார்த்த மூன்றாம் நாள் வவுனியாவுக்குப் போனேன். விமானத்தைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, றோட்டோரத்தில் கண்ணாடிக் கொட்டகை கட்டி வைத்திருந்தார்கள். கிட்டப் போனேன். நான் கிட்டப் போனதும் பெயின்ற் மணம் அடித்தது. செட்டைத் தகட்டில் கையை வைத்தேன். அரத்தாள் போட்டு வெறும் உலோகம் வரைக்கும் தேய்த்து, மேலே புட்டிப் பூச்சு அப்பி, கார் கராச்சில் விசிறுகிற மாதிரி விசிறியிருந்தார்கள். விரல் இல்லை, மயிர் இல்லை, மூடிய நிறம் இல்லை. சிவப்பு மட்டும் இருந்தது, மூடச் சொன்ன அதே சிவப்பு.

நிறுவனத்தின் புதுப் பணிப்பாளர் எங்கள் ஆள்தான், நல்ல தமிழ் கதைப்பவர். தேநீர் தந்தார்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் வைச்சிருந்த நேரம் அதைப் பாக்க ஆர் வந்தது? கறள் பிடிச்ச தகரத்தைக் காசு குடுத்து ஆர் பாப்பான்? இப்ப பாருங்கோ, பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து படம் எடுக்குதுகள்.”

“பட்டி எங்கை?”

“எந்தப் பட்டி?”

“ஆசனத்தில கிடந்த பழைய பட்டி. ஊசி.”

“அதோ, அது உக்கலெல்லோ. பொம்மையை இருத்தேக்கை இடைஞ்சலா இருந்ததாம். வெட்டி எடுத்திட்டாங்கள்.”

“கோவையில எழுதியிருக்கு.”

“அண்ணை, திறப்புவிழாவுக்கு ஒன்பது நாள்தான் தந்தவை. கோவை பாக்க எங்க நேரம்?”

நான் தேநீரைக் குடிக்காமல் எழும்பினேன். வயது போனவன் கத்தக்கூடாது என்பார்கள். நான் கத்தினேன். அந்தக் கந்தோரில் இருந்த எல்லாரும் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஒன்பது நாளில் அழிக்கிறதற்கு நாங்கள் ஆறு வருடம் பஞ்சு சுற்றினோமா என்று கேட்டேன். தப்பிப்போன ஒருவனைத் திரும்பக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு என்ன செய்தான் அவன் என்று கேட்டேன். பணிப்பாளர் தலையைக் குனிந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது, கொட்டகையின் பின்பக்கத்தில் விளக்குமாற்றோடு தவமலர் நின்றா. துப்புரவு வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், அதுவும் நாட்கூலிதான். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுப் பைக்குள் இருந்து ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்தா.

“வெட்டின அண்டைக்குக் குப்பைக் கிடங்கில எறிஞ்சவங்கள் சேர். நான் பொறுக்கி வைச்சனான். பட்டி துண்டு துண்டாப் போச்சு. ஊசி முழுசா இருக்கு.”

பஞ்சுக்குள் அது இருந்தது. முளையும், அதன் பக்கத்தில் தோல் வாரில் தொங்கிய ஊசியும், அப்போதும் இழுபட்டபடியே.

நான் செய்தது சரியா பிழையா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒழுங்காகத்தான் செய்ய நினைத்தேன். சுதர்சினியும் நானும் முறைப்பாடு எழுதினோம். என்னென்ன அழிக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக எழுதி, பழைய படங்களை இணைத்து, மிஞ்சிய ஊசி யாரிடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் உள்ளபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினோம். இரண்டு மாதத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. யாரை விசாரிக்க? பெயின்ற் அடித்தவரையா? வெட்டச் சொன்னவரையா? அழைப்புக் கடிதம் தவமலருக்கு வந்தது. அரசாங்கச் சொத்தை அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்ற குற்றம்.

சாட்சியாக நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பணிப்பாளர் ஒரு பக்கத்தில் கால் மேல் கால் போட்டு இருந்தார். தவமலரை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

“இது பெறுமதியான தொல்பொருள் எண்டு உமக்குத் தெரியுமோ?”

“ஓம் ஐயா, தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டுதான் எடுத்தனீரோ?”

“ஓம். தெரிஞ்சபடியால்தான் எடுத்தனான். தெரியாதவை எறிஞ்சவை.”

நடுவில் இருந்தவர் பேனையை வைத்தார். பணிப்பாளர் காலைக் கீழே இறக்கினார்.

“குப்பையெண்டா நான் எடுத்தது குற்றமில்லை. பெறுமதியெண்டா எறிஞ்சது குற்றம். ரண்டில எதெண்டு நீங்களே எழுதுங்கோ ஐயா.”

அவர்கள் இரண்டையும் எழுதவில்லை. தவமலர் மீதான குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். துப்புரவு வேலைக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சுதர்சினிக்கு நாட்டின் மறுகோடியில் இருக்கிற அம்பாந்தோட்டைக்கு மாற்றம், கைக்குழந்தையோடு. பணிப்பாளருக்கு ஒன்றும் இல்லை. மினுங்கும் விமானத்தைப் பார்க்க இன்னும் சனம் வருகிறது. அறிவிப்புப் பலகையில் ‘மூலத்தோற்றத்தில் மீளமைக்கப்பட்டது’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. மூன்று மொழியிலும் பொய்.

ஊசியை விசாரணைப் பொருளாக உறையில் போட்டு, அரக்குப் பதித்து, வவுனியாக் கந்தோரில் ஒரு இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அறைக்கு யன்னல் இல்லை. மாரியில் சுவர் வியர்க்கும். ஈரம் உறிஞ்சும் மணிகளைப் பக்கத்தில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், சேற்றில் எழுபது வருடம் நின்றது இந்தக் கந்தோரில் இரண்டு வருடம் நிற்காது. இதை எழுதிக் கொடுத்தேன். ‘கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்று பதில் வந்தது.

அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள், மணிகளை ஒரு போத்தலில் போட்டு எடுத்துக்கொண்டு பரந்தனில் பஸ் ஏறுகிறேன். செட்டிகுளத்திலிருந்து தவமலரும் வருவா. வரவேற்பு மேசையில் பெயர் எழுதி, அலுமாரியைத் திறந்து இதை உள்ளே வைக்க அனுமதி கேட்கிறோம். பதினொரு தடவை கேட்டாகிவிட்டது. இன்னும் திறக்கவில்லை.

போன மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு மணி நேரம் மர வாங்கில் இருத்திவிட்டு, பொறுப்பானவர் லீவு என்றார்கள். “இனி வரேல்லை தவமலர். போதும். இவங்களுக்கு முன்னால வந்து குந்திக்கொண்டிருக்க எனக்கு ஏலாது” என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

தவமலர் எழும்பவில்லை. வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த போத்தலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா.

“நீங்கள் போங்கோ சேர், உங்களுக்கு வெயில் கூடாது. நான் இருக்கிறன். கந்தோர் வாசலில இருக்கிறது எனக்குப் புதுசில்லை.”

நான் திரும்பவும் இருந்தேன்.